பரணில் ஏற்றுவதற்கு முன்: வேலூர்ப் பக்க வீடுகளில் அடைசலைக் குறைப்பது எப்படி?

#1 பாலாற்றங்கரை

போகிக்கு முந்தின நாள் வீட்டையே கவிழ்த்துக் கொட்டுவதும், ராத்திரிக்குள் அதில் முக்கால்வாசி மறுபடி பரணுக்கே ஏறுவதும் நம் பக்கத்தில் வருஷா வருஷம் நடக்கிறது. எடுத்துப் போட்ட பொருள் யாரிடம் போகும், எந்தக் கிழமை போகும் என்று முடிவு செய்யாமலே வேலையை ஆரம்பிக்கிறோம். போக வழி தெரியாத பொருள் வீட்டுக்குள்ளேயே இடம் மாறும், அவ்வளவுதான். அதனால் முதல் வேலை, வெளியே போகும் வழியை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுவது.

பேப்பருக்கும் அட்டைக்கும் தெருவில் வரும் பழைய பேப்பர்காரர், அவர் வரும் கிழமை. இரும்பு, பித்தளை, அலுமினியத்துக்குப் பழைய இரும்புக் கடை. எவர்சில்வருக்குப் பழசு வாங்கிக்கொண்டு புதுசு கொடுக்கும் பாத்திரக் கடை. உடுத்தும் நிலையில் உள்ள துணிக்கு, வாங்கிக்கொள்கிறோம் என்று முன்பே சொன்ன இல்லம் அல்லது ஆள். மக்கும் குப்பை, மக்காத குப்பை தனித்தனியாகத் துப்புரவுப் பணியாளரிடம். செல்போன், சார்ஜர், டியூப்லைட், பேட்டரி இவற்றுக்குத் தனி வழி. இத்தனையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒருவரிடமாவது பேசிவிட்ட பிறகு அலமாரியைத் திறங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு தட்டு. 45 நிமிஷம் போதும். தட்டில் உள்ளதை முழுசாகக் கீழே இறக்கி, துடைத்து, திரும்ப வைக்க வேண்டியதை மட்டும் வையுங்கள். மற்றவை நான்கு சாக்குகளுக்குப் போகட்டும்: விற்பது, கொடுப்பது, குப்பை, வேறு அறைக்குப் போவது. நான்காவது சாக்கைச் சுமந்துகொண்டு வேலைக்கு நடுவில் அறை அறையாகச் சுற்றினால் அந்தத் தட்டு முடியாது. கடைசியில் ஒரே சுற்றில் கொண்டுபோய் வையுங்கள்.

முடிவு செய்ய முடியாததை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, மேலே ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி எழுதுங்கள். அந்தத் தேதி வரை யாரும் தேடாவிட்டால் பெட்டி அப்படியே வெளியே போகலாம்.

வரிசையும் முக்கியம். முதலில் தரையும் நடையும், அப்புறம் சமையலறை, பீரோ, காகிதம். பரண் கடைசி. பரணில் இருந்து இறக்குவதைப் பரப்பி வைக்கக் கீழே இடம் வேண்டும். அந்த இடம் உண்டாகும் முன் பரணைத் தொட்டால் நடக்கவே வழி இருக்காது. புது டப்பா, கூடை, ஆர்கனைசர் எதுவும் இந்த வேலை முடியும்வரை வாங்க வேண்டாம். என்ன மிஞ்சும் என்று தெரியாமல் அளவு எடுக்க முடியாது.

#2 சத்துவாச்சாரி_மாடி

நன்றி சார். எங்களுடையது மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள இரண்டு படுக்கையறை வீடு. சமையலறையில் கடப்பா கல் அலமாரி, ஆழம் 18 அங்குலம். பின்னால் வைத்தது கண்ணிலேயே படுவதில்லை. பார்சல் டப்பா, விசேஷ வீடுகளில் கொடுத்த பாத்திரம் எல்லாம் நிரம்பி வழிகிறது. இதற்கு என்ன வழி?

#3 தோரப்பாடி_சமையல்கட்டு

கடப்பா அலமாரியில் ஆழம்தான் வில்லங்கம்மா. 18 அங்குலத் தட்டில் கைக்கு வருவது முன்பக்கம் 10 அங்குலம் மட்டும். பின்பக்கம் 4 அங்குல உயரத்துக்கு ஒரு பலகைப் படி போடுங்கள். இரண்டு செங்கலும் 8 அங்குல அகலப் பலகையும் போதும். பின்வரிசை டப்பாவின் மூடி முன்வரிசைக்கு மேலே தெரியும். இன்னொரு வழி, 15 அங்குல நீளமுள்ள பிளாஸ்டிக் ட்ரேயை நீளவாக்கில் வைத்து, இழுப்பறை மாதிரி முழுசாக வெளியே இழுப்பது. மசாலா பாக்கெட், பருப்புக்கு இதுதான் சரி. கல் 3 அடிக்கு மேல் நடுவில் முட்டில்லாமல் நின்றால் கிரைண்டர் கல், அரிசி டின் மாதிரி கனமானதை நடுவில் வைக்காதீர்கள். சுவர் ஓரம் வையுங்கள்.

பார்சல் டப்பாவுக்கு ஒரே சோதனை. எல்லாவற்றையும் தரையில் கொட்டி மூடி பொருத்திப் பாருங்கள். மூடி இல்லாத டப்பாவும் டப்பா இல்லாத மூடியும் அன்றைக்கே வெளியே. மிஞ்சியதில் ஒரே அளவு ஆறு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெயின்ட் டப்பா அளவில் வரும் பிரியாணி பக்கெட் ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து வீடுகளில் அடுக்கடுக்காக இருக்கும். அதில் எண்ணெய் ஏறியிருக்கும், சோப்புப் போட்டாலும் வாசனை போகாது. திரும்பச் சாப்பாடோ மாவோ வைக்க உதவாது. அடியில் நான்கு ஓட்டை போட்டுச் செடி வைக்கலாம், துடைப்பான் பிழிய ஒன்று வைக்கலாம். மீதி பிளாஸ்டிக் சாக்குக்கு.

பாத்திரத்தை மூன்றாகப் பிரியுங்கள். தினமும் அடுப்பில் ஏறுவது, பத்துப் பேர் வந்தால் எடுப்பது, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது. மூன்றாவது வகை அண்டா, குண்டான், பெரிய தாம்பாளம். வருஷத்துக்கு ஒரு தடவைகூட எடுக்காவிட்டால் விசேஷத்தின்போது வாடகைக்கு எடுப்பதே நல்லது. சீராக வந்த பித்தளைப் பாத்திரத்தில் ஒன்றோ இரண்டோ பூஜைக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அரிசி 25 கிலோ சிப்பத்துக்கு மேல் சேர்க்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் வண்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டையிலிருந்து வண்டாகிவிடும். புது அரிசியைப் பழையதன் மேல் கொட்டினால் அடியில் உள்ளது எப்போதும் தீராது, வண்டும் அங்கிருந்துதான் வரும். டின்னைக் காலி செய்து, வெயிலில் காயவைத்து, அப்புறம் கொட்டுங்கள். புளி, மிளகாய் வருஷத்துக்கு வாங்குவோர் ஜாடி மூடியில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டுங்கள்.

#4 கொசப்பேட்டை

எடைக்குப் போடும் முன் பிரிப்பதில்தான் காசு. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத உலோகத்தை இரும்போடு சேர்த்துப் போடாதீர்கள். செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் நான்கும் வேறு வேறு விலை, நான்குமே இரும்பைவிட அதிகம். எவர்சில்வரில் சில ரகம் காந்தத்தில் ஒட்டும், அதைத் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பிரியுங்கள். குழாய், வால்வு, கேஸ் ஸ்டவ் பர்னர் இவற்றில் பித்தளை ஒளிந்திருக்கும். மோட்டார், மின்விசிறி உள்ளே செம்புக் கம்பி. அதற்காக வயரைக் கொளுத்தாதீர்கள். பிளாஸ்டிக் உறை எரிந்தால் வரும் புகை விஷம், கருகிய செம்புக்கு விலையும் குறையும்.

பேப்பரில் நியூஸ்பேப்பர் தனி, புத்தகம் நோட்டு தனி, அட்டை தனி. நனைந்ததைக் காயவைத்துக் கட்டுங்கள்.

பள்ளிப் பாடப்புத்தகத்தை எடைக்குப் போடும் முன் அச்சிட்ட வருஷம் பாருங்கள். 2018 முதல் வந்த புதுப் பாடத்திட்டம் என்றால், 6 முதல் 10 வரை உள்ள தமிழ், சமூக அறிவியல், அறிவியல் புத்தகங்களை டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்டு வாங்கிப் போவார்கள். அதற்கு முந்தைய புத்தகம் எடைக்குத்தான். பாதி எழுதிய நோட்டில் எழுதாத தாள்களைப் பிரித்து ஒன்றாகத் தைத்தால் ரஃப் நோட்டு.

போகிக்குக் கொளுத்துவதைப் பற்றி ஒன்று. பழைய பாய், கந்தல் துணி, ஓலை வேறு. டயர், பிளாஸ்டிக், ரெக்ஸின், ஃபோம் மெத்தை வேறு. பின்னதைத் தெருவில் கொளுத்தினால் மார்கழிக் கடைசிப் பனியில் புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே வரும். குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் உள்ள தெருவில் இதைச் செய்யவே கூடாது.

#5 குடியாத்தம்_கூடம்

#1-ல் தேதி எழுதிய பெட்டியை அப்படியே வெளியே அனுப்பச் சொன்னதை நான் ஏற்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் எதை எங்கே வைப்பார்கள் என்று சொல்லவே முடியாது. பழைய புடவை மடிப்பில் பணம், கைப்பைக்குள் அடகு ரசீது, சாமி பட ஃப்ரேமுக்குப் பின்னால் பத்திர நகல், டப்பாவில் பருப்போடு மூக்குத்தி. திறக்காமல் எதையும் கொடுக்கக்கூடாது.

#6 பாலாற்றங்கரை

சோதனை கட்டாயம் வேண்டும். அதைப் பெட்டியை மூடும்போதே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஆறு மாதம் கழித்துத் திறந்தால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மறுபடி யோசிக்க ஆரம்பிப்போம், பெட்டி வெளியே போகாது. மூடும்போது துணி என்றால் உதறி, முந்தானை முடிச்சு, பாக்கெட், உள் ஜிப் எல்லாம் பார்த்துவிடுங்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். ஃப்ரேமின் பின் அட்டையைக் கழற்றிப் பாருங்கள். டப்பாவைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். பார்த்தாயிற்று என்று பெட்டியின்மேல் எழுதி, பார்த்தவர் பெயரையும் எழுதினால் வீட்டில் சண்டை வராது.

இப்படித் தேடும்போது 2000 ரூபாய் நோட்டு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார்களே தவிர அது செல்லாத நோட்டு இல்லை. சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கலாம். 2016 நவம்பரில் செல்லாததாக்கிய பழைய 500, 1000 நோட்டுக்கு அந்த வழி இல்லை.

#7 சத்துவாச்சாரி_மாடி

பரணைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு அறையில் மூன்று சுவரிலும் லாஃப்ட் போட்டிருக்கிறார்கள். கதவு இல்லை.

#8 ரேக்_வேலை_ஆற்காடு

மாடிக்கு நேர் கீழே உள்ள லாஃப்ட் சித்திரை, வைகாசியில் வீட்டிலேயே சூடான இடம். வெளியில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் தளத்தின் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். மருந்து, மெழுகுவர்த்தி, போட்டோ ஆல்பம், பேட்டரி, ரப்பர் செருப்பு, பசை, சென்ட் பாட்டில், பிளாஸ்டிக் பொம்மை எதுவும் அங்கே போகக்கூடாது. உருகும், ஒட்டும், நொறுங்கும். பாத்திரம், கண்ணாடி, பீங்கான், கொலு பொம்மை, கோடையில் தேவைப்படாத கம்பளி இவை போகலாம்.

சுவரிலிருந்து சன்ஷேட் மாதிரி நீட்டிய லாஃப்டில் கனத்தைச் சுவர் பக்கம் வையுங்கள். ஓரத்தில் பித்தளை அண்டா வைத்தால் சிலாப் சுவரோடு சேரும் இடத்தில் மேல்பக்கம் வெடிப்பு வரும். அந்த வெடிப்பு கீழிருந்து பார்த்தால் தெரியாது, ஏறிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அடுப்புக்கு மேலே வரும் லாஃப்டில் அட்டைப்பெட்டியோ பேப்பரோ வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், தீ பிடிக்கும்.

கதவு இல்லாவிட்டால் தூசிக்கு ஸ்கிரீன் துணி போதும். ஒரு பெட்டியைத் தனி ஆளாகத் தலைக்கு மேல் தூக்கி இறக்க முடிய வேண்டும், அதனால் 8 கிலோவைத் தாண்ட வேண்டாம். கீழிருந்து படிக்கும்படி பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உள்ளே இருப்பதை ஒரு போட்டோ எடுத்து, பெட்டி எண்ணோடு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தேட ஏற வேண்டியதே இல்லை.

தரைக்கு ரேக் வேண்டும் என்றால் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் (துளை போட்ட இரும்புச் சட்டத்தில் தட்டு மாட்டுவது) 6 அடி உயரம், 3 அடி அகலம் போதும். வீட்டுக்கு 12 அங்குல ஆழம்தான் நல்லது, 18 வாங்கினால் கடப்பா அலமாரிக் கதைதான். மேல் மூலை இரண்டிலும் எல் கிளாம்ப் வைத்து, சுவரில் 8 மி.மீ. துளையிட்டு, பிளக் வைத்துத் திருகுங்கள். குழந்தை ஏறினாலும் சாயாது. கனம் கீழ்த்தட்டில்.

கரையான் உள்ள வீட்டில் அட்டைப்பெட்டியைத் தரையில் வைப்பது விருந்து வைத்த மாதிரி. ட்ரங்க் பெட்டி, ரேக் எதுவானாலும் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரம், சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி வையுங்கள். மண் கோடு ஏறினால் அந்த இடைவெளியில் கண்ணுக்குத் தெரியும்.

#9 தோரப்பாடி_சமையல்கட்டு

கொலு பொம்மையை நியூஸ்பேப்பரில் சுற்றாதீர்கள். சூட்டில் மை பொம்மையின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எடுக்கவே வராது. பழைய வேட்டித் துணியை ஒரு முழத் துண்டாகக் கிழித்து, முதலில் மூக்கு, கை, ஆயுதம் இவற்றுக்குப் பஞ்சு வைத்து, அதன் மேல் துணியைச் சுற்றுங்கள். மண் பொம்மை கீழே, காகிதக்கூழ் பொம்மை மேலே. பெட்டியில் படி எண் எழுதினால் அடுத்த நவராத்திரிக்கு அடுக்கும் வேலை பாதியாகும்.

#10 ஆரணிப்பட்டு

பீரோவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பட்டுப்புடவைதான் இடத்தையும் பணத்தையும் அதிகம் அடைப்பது.

பட்டை பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். ஒவ்வொன்றையும் வெளுத்த பருத்தித் துணியில், பழைய மல் வேட்டி நல்லது, சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிரித்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாடவிட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டில் இழை அறும். ஜரிகை உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். அந்துருண்டை ஜரிகையில் பட்டால் கறுக்கும். வேண்டுமானால் துணி முடிச்சில் கட்டி பீரோவின் மேல் மூலையில் வையுங்கள். காய்ந்த வேப்பிலை, வசம்பு இவற்றையும் முடிச்சாகத்தான் போட வேண்டும். சேஃப்டி பின் குத்தியபடி வைத்தால் துரு பிடித்து ஓட்டை விழும்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் குழந்தைத் துணியோடு அந்துருண்டையே வேண்டாம். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசனையிலேயே ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். குறைபாடு இருப்பது பல நேரம் முன்கூட்டித் தெரியாது.

சாதாரணத் துணிக்கு அளவு சொல்கிறேன். பீரோத் தட்டில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே உள்ள ஐந்துதான் மாறி மாறி உடுத்துவோம். சட்டை, சுடிதார், குழந்தைத் துணியை ஒரு சாண் உயரத்துக்கு மடித்துப் புத்தகம் மாதிரி நிற்க வையுங்கள். எல்லாம் கண்ணில் படும். உடுத்தாதது தானாகத் தெரியும். கிழிந்த பருத்தித் துணியைத் துடைக்க வைப்பது சரி, ஆனால் ஒரு அடிச் சதுரமாக வெட்டி 12 துண்டுக்கு மேல் வேண்டாம். பாலியெஸ்டர் துணி தண்ணீரை இழுக்காது, துடைக்க வைத்து என்ன பயன்?

#11 ஆவணம்_ராணிப்பேட்டை

காகிதத்துக்கு வருகிறேன். இதில் அவசரம் கூடாது.

எப்போதும் தூக்கிப் போடக்கூடாதவை: கிரயப் பத்திரம், மூலப் பத்திரங்கள், பாகப்பிரிவினை, உயில், பிறப்பு இறப்புச் சான்று, கல்விச் சான்று, வீட்டு வரி ரசீதுகள். பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மாவட்டப் பெயர் மாறிவிட்டது, இது செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பத்திரம்தான் சொத்தின் வேர்.

வங்கிக் கடன் முடிந்த வீட்டில் மூலப் பத்திரம் திரும்பி வந்துவிட்டதா என்று பாருங்கள். முழுத் தொகையும் கட்டி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5000 ரூபாய் ஈடு என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

வருமான வரித் தாள்கள் 8 வருஷம் வைத்தால் நிம்மதி. மின் கட்டண ரசீதில் கடைசி ஒரு வருஷம் போதும், மற்றது இணையத்திலேயே இருக்கிறது. பட்டா, சிட்டா அச்சுப் பிரதியும் அப்படித்தான், வேண்டும்போது எடுக்கலாம். கடை பில் வழவழப்பான வெப்பத் தாளாக இருந்தால் நம் ஊர்ச் சூட்டில் எழுத்து மறைந்துவிடும். வாரண்டி பில்லை வாங்கிய அன்றே போட்டோவோ ஜெராக்ஸோ எடுத்துவிடுங்கள்.

மூல ஆவணத்தை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரை, கையெழுத்தைச் சரிபார்க்க முடியாது, பிரிக்கவும் முடியாது. டிஜிலாக்கரில் அரசுத் துறையே வழங்கியதாக வரும் ஆவணம் மூலத்துக்குச் சமம், நீங்களே ஸ்கேன் எடுத்து ஏற்றியது வெறும் நகல். இந்த வித்தியாசம் தெரியாமல் காகிதத்தைக் கிழிக்கக்கூடாது.

வைக்குமிடம்: தரையிலிருந்து 4 அடிக்கு மேல், பரணுக்குக் கீழ். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை நினைத்தால் தாழ்வான தெருக்களில் கட்டிலுக்கு அடியில் பத்திரப் பெட்டி வைப்பது எவ்வளவு ஆபத்து என்று புரியும். ஜிப் உள்ள பாலித்தீன் உறையில் போட்டு, ஒரே கைப்பிடிப் பையில் எல்லாம் இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடலாம்.

#12 சத்துவாச்சாரி_மாடி

ஆஸ்பத்திரி ஃபைல் பற்றியும் சொல்லுங்கள் ஐயா. நம் ஊரில் அது இல்லாத வீடே இல்லை.

#13 ஆவணம்_ராணிப்பேட்டை

ஒரு ஆளுக்கு ஒரு ஃபைல். முதல் தாளில் மருத்துவமனை எண், ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, நடந்த அறுவை சிகிச்சையும் தேதியும், இப்போது சாப்பிடும் மாத்திரையும் அளவும். டாக்டர் முதலில் கேட்பது இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி, அறுவை சிகிச்சைக் குறிப்பு இவை நிரந்தரம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கடைசி இரண்டு வருஷம் போதும், அதற்கு முந்தைய அளவுகளை ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். சீட்டுகள், டோக்கன், பார்க்கிங் ரசீது போகலாம். காப்பீட்டுக் கோரிக்கை பாக்கி இருந்தால் பில்லைத் தொடாதீர்கள்.

எக்ஸ்ரே ஃபிலிமைப் படுக்கவைத்து அடுக்கினால் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டும். நிற்கவையுங்கள். வேண்டாததைப் பழைய பொருள்காரர் வாங்குவார், அதில் வெள்ளி இருக்கிறது. பெயரும் எண்ணும் உள்ள மூலையை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

மாத்திரை அட்டையைக் காலாவதித் தேதி இல்லாத பக்கத்திலிருந்து வெட்டிப் பயன்படுத்துங்கள். ஃபிரிட்ஜ் மேல் வைக்கும் டப்பா வேண்டாம், அங்கே எப்போதும் சூடு. காலாவதியானதைக் கழிவறையில் கொட்டாமல், அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையோடு கலந்து மூடிய உறையில் போட்டு, வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

#14 காட்பாடி_குழாயடி

அடைசலில் பாதி தண்ணீர்க் குடம்தான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 10 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு நான்கு நாளைக்கு 160 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 11 குடம். அவை பிடிக்கும் தரை சுமார் 12 சதுர அடி. 200 லிட்டர் ட்ரம் ஒன்று பிடிப்பது 4 சதுர அடி. நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல், மர ஸ்டூல் தாங்காது. ஹாலோ பிளாக் அடுக்கி ஒன்றரை அடி உயர்த்தி, அடியில் குழாய் வைத்தால் குடத்தைச் சாய்க்கும் வேலையே இல்லை.

ட்ரம் உணவுத்தரமா என்று பார்த்து வாங்குங்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், ரசாயனத் தொழிற்சாலைகளின் காலி நீல ட்ரம் மலிவாகக் கிடைக்கும். எத்தனை தடவை கழுவினாலும் குடிநீருக்கு அது கூடாது.

வாரம் ஒரு நாள் காலி செய்து உள்சுவரை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டை ஒட்டும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அப்படியே இருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாடியில் டயர், தேங்காய்த் தொட்டி, உடைந்த வாளி இருந்தால் ஐப்பசி மழைக்கு முன் அகற்றுங்கள்.

#15 குடியாத்தம்_கூடம்

பீடி சுற்றும் வீடு, ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் வீடு இவற்றுக்கு ஒரு வார்த்தை. வேலைப் பொருள் கூடம் முழுக்கப் பரவுவதற்குக் காரணம், வேலை முடியும் நேரத்தை வரையறுக்காததுதான். ஒரு முறம் அல்லது ட்ரே, ஒரு மூடியுள்ள ட்ரங்க் பெட்டி. அன்றைய வேலை முடிந்தால் முறம் பெட்டிக்குள். புகையிலைத் தூள் சமையல் பொருளோடும் குழந்தை படுக்கும் பாயோடும் ஒரே அறையில் திறந்து கிடக்கக்கூடாது. ஷூ ஒட்டும் சொல்யூஷன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், ஜன்னல் ஓரம், மூடி இறுக்கி வையுங்கள்.

#16 சத்துவாச்சாரி_மாடி

கடைசியாக இரண்டு. விசேஷ வீட்டில் வரும் ரவிக்கைத் துணி, தட்டு, கிண்ணம் எல்லாம் நின்றபாடில்லை. பெரியவர்கள் எதையும் கொடுக்க விடுவதும் இல்லை. அப்புறம், ஒரு பழைய செல்போன் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை எப்படி அனுப்புவது?

#17 பாலாற்றங்கரை

தாம்பூலப் பைப் பொருளுக்கு ஒரே ஒரு பெட்டி. உள்ளே போகும்போது யார் கொடுத்தது, எந்த விசேஷம் என்று சின்னச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். அடுத்த வளைகாப்புக்கும் கிருகப்பிரவேசத்துக்கும் அதிலிருந்தே எடுக்கலாம், கொடுத்தவருக்கே திரும்பப் போகாது. பெட்டி நிறைந்தால் பழையது வெளியே. நீங்கள் கொடுக்கும் விசேஷத்தில் தேங்காய், பழம், மஞ்சள் பையோடு நிறுத்திக்கொண்டால் நாலு வீட்டில் அடைசல் குறையும். கதவுக்குப் பின்னால் நான்கு மஞ்சள் பை மாட்டினால் போதும். பிளாஸ்டிக் கேரி பேக் 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கிறது, சேர்த்து வைத்த பழையதும் தானே பொடியாக உதிரும்.

பெரியவர்கள் பொருளை அவர்கள் இல்லாத நேரத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு தடவை அப்படி நடந்தால் அதன்பின் எல்லாவற்றையும் பூட்டி வைப்பார்கள். அம்மா, இதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த மூன்று எது என்று கேளுங்கள். எதை வீசலாம் என்று கேட்டால் எல்லாவற்றையும் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அந்த மூன்றைப் பரணில் வைக்காமல் அன்றாடம் எடுக்கும்படி முன்னால் வையுங்கள். மற்றதை யாருக்குக் கொடுக்கலாம் என்று பெயரை அவர்களே சொல்லட்டும். பேத்திக்கு, தங்கச்சி மகளுக்கு என்று ஆள் தெரிந்தால் மனசார எடுத்துக் கொடுப்பார்கள்.

#18 கொசப்பேட்டை

உப்பிய பேட்டரி அவசரம், அதை இன்றைக்கே பாருங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். போனிலிருந்து எளிதாகக் கழன்றால் மட்டும் கழற்றுங்கள், இறுகியிருந்தால் போனோடு அப்படியே விடுங்கள். கழன்ற பேட்டரியின் முனைகளில் செல்லோ டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில், மூடியை இறுக்காமல், வெயில் படாத வெளிப்பக்கம் வையுங்கள். சாதாரணக் குப்பையில் போட்டால் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். பழைய இரும்புக் கடைக்கும் வேண்டாம். அனுமதி பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமோ அந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ உப்பியிருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு நேரில் கொடுங்கள், கூரியரில் அனுப்பக்கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரி வேறு ரகம். புதுசு வாங்கும் கடையிலேயே பழசை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள், அதை வீட்டில் நிறுத்தி வைக்க வேண்டாம், ஆசிட் கசியும்.